கோத்தகிரி லாங்வுட் சோலையில் நீலகிரி சோலைக்கிளியைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நீலகிரி சோலைக்கிளியைப் பார்க்க வேண்டும் என்று வந்த புதியவர்களைக் கூட்டிக்கொண்டு பல முறை கோத்தகிரிக்குப் போயிருக்கிறேன். பார்க்காமல் திரும்பியவர்கள் பெரும்பாலும் இரண்டு தவறுகளைச் செய்தார்கள். நிறைய நடந்தார்கள், மரத்தின் மேலேயே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். இந்தப் பறவை இருட்டான புதருக்கடியில், சருகின் மேல், முழங்கால் உயரத்துக்குள் வாழ்கிறது. காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விடும். நீங்கள் அசையாமல் இருந்தால் தானாகவே வெளியே வரும்.

ஆகவே, சரியான இடத்தில் சரியான நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு என்னென்ன வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. வரிசை மாறினால் பயணம் வீணாகும், அதனால் வரிசையாகவே படியுங்கள்.

1. முதலில் பறவையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயரில் கிளி இருப்பதால் பச்சை நிறத்தில் வளைந்த அலகோடு ஒரு பறவையை எதிர்பார்த்து வருகிறவர்கள் உண்டு. இது கிளி இனமே இல்லை. மலையாளத்தில் கிளி என்றால் இன்றும் பொதுவாகப் பறவைதான். அந்தப் பொருளில், சோலையில், அதாவது உயர்ந்த மலைகளிலுள்ள பசுமைமாறாக் காட்டில், வாழும் பறவை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருப்பது பழைய பறவைக் கையேடு என்றால் சோலைக்கிளி என்ற பெயரே அதில் இருக்காது. 'சோலிகோலா' என்ற தனிப் பேரினமாக இதைப் பிரித்தது 2017இல்தான். அதற்கு முந்தைய புத்தகங்களில் நீலகிரி ப்ளூ ராபின் என்றோ ஷார்ட்விங் என்றோ தேடுங்கள்.

அளவு சுமார் 15 செ.மீ., அதாவது சிட்டுக்குருவி அளவு. கால்கள் மட்டும் நீளம். முதுகு, தலை, தொண்டை, மார்பு எல்லாம் சிலேட்டுப் பலகையின் கருநீலம். கண்ணுக்கு முன்னால் கருப்பு, அதற்கு மேல் மங்கலான வெளிர்நீலப் புருவம். வயிற்றின் நடுவில் வெள்ளை. இரண்டு விலாப்பக்கங்களிலும் செங்காவி நிறம். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்தச் செங்காவி விலாவை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, கொடைக்கானல் பக்கம் இருப்பது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி என்ற வேறு இனம். அதற்கு இந்த விலா நிறம் கிடையாது. கொடைக்கானலில் எடுத்த படங்களை வைத்துப் படித்துவிட்டு வந்தவர், கண்ணெதிரே நின்ற பறவையை ‘இது வேற என்னவோ’ என்று விட்டதைப் பார்த்திருக்கிறேன். படம் சேகரிக்கும்போது நீலகிரியில் எடுத்ததா என்று பார்த்துச் சேகரியுங்கள்.

2. எந்த மாதம், எந்த நாள்

என் முதல் தேர்வு ஜனவரி. கோத்தகிரி நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழை இங்கே பலமாகப் பெய்யும். அக்டோபர், நவம்பரில் மண்சரிவால் மலைப்பாதையே அடைபடுவதுண்டு. ஜனவரியில் மழை ஓய்ந்து, பாதை காய்ந்து, அட்டைகளும் குறைந்திருக்கும். காலையில் பத்து டிகிரிக்குக் கீழேயும் குளிர் இறங்கலாம்.

பிப்ரவரி நடுவிலிருந்து கவனமாக இருங்கள். காட்டுத்தீ அபாயக் காலத்தில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் உயிரிழந்ததற்குப் பிறகு இதில் தளர்வை எதிர்பார்க்கக் கூடாது, எதிர்பார்ப்பதும் சரியில்லை. விடுப்பு எடுத்து, டிக்கெட் போட்ட பிறகு பாதை மூடியிருப்பதை அறிவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

ஏப்ரல் கடைசியும் மே மாதமும் இந்தப் பறவை அதிகம் பாடும் காலம். கண்டுபிடிப்பது அப்போது சுலபம் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது கூடு கட்டும் காலமும் கூட. மண்மேட்டுப் பொந்திலோ மரப்பொந்திலோ, நாம் நடக்கும் பாதையின் ஓரத்திலேயே கூடு இருக்கலாம். முதல் முறை வருகிறவர்களை அந்த மாதங்களில் நான் கூட்டிப்போவதில்லை.

நாளைப் பொறுத்தவரை, செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. சனி, ஞாயிறு என்றால் ஊரிலும் சாலையிலும் கூட்டம் கூடிவிடும்.

3. அனுமதி: இதை முடிக்காமல் டிக்கெட் போடாதீர்கள்

லாங்வுட் சோலை காப்புக்காடு. 116 ஹெக்டேர்தான், ஆனால் 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம். சுற்றியுள்ள ஊர்களுக்கு இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வேலி இல்லாத இடம், ஆள் இல்லாத நேரம் என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

முதல் வேலையாக வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்ற இணையதளத்தைத் திறந்து நீலகிரி மாவட்டப் பாதைகளில் லாங்வுட் சோலை அந்தத் தேதியில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியாகப் பதிவு செய்தால் வழிகாட்டியும் கூடவே வருவார். பறவை பார்க்க மட்டும் போகிறீர்கள், மெதுவாக நடப்பீர்கள், நடுவில் வெகுநேரம் உட்காருவீர்கள் என்றால் கோத்தகிரி வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். காலை எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், எத்தனை மணிக்கு வெளியே வர வேண்டும் என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயணம் முழுவதும் இந்த இரண்டு நேரங்களைச் சுற்றித்தான் அமையும்.

அடுத்தது இ-பாஸ். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இது கட்டாயம். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. நான் பேருந்தைத்தான் சொல்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கி.மீ., அடிக்கடி வண்டி உண்டு.

மலை ரயிலில் போய் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அது குன்னூர் வழியாக ஊட்டி போகிறது; கோத்தகிரிக்கு வராது. இதைத் தெரியாமல் ரயிலுக்குப் பதிவு செய்து, குன்னூரில் இறங்கி, அங்கிருந்து மறுபடி பேருந்து பிடித்து, வெளிச்சம் போன பிறகு வந்து சேர்ந்த குழு ஒன்று உண்டு. முந்தைய மாலையை இழந்துவிட்டார்கள். அந்த மாலை ஏன் முக்கியம் என்று ஆறாவது பகுதியில் சொல்கிறேன்.

தங்குமிடத்தைக் கடைசியாகப் பதிவு செய்யுங்கள். சோலையிலிருந்து சில நிமிடத்தில் போகும்படி கோத்தகிரி ஊருக்குள்ளேயே இருந்தால் போதும். ஊட்டியில் தங்கி விடியற்காலையில் வந்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். சுமார் 30 கி.மீ. மலைச்சாலை, பனிமூட்டம், வழியில் காட்டுமாடுகள். முதல் ஒரு மணி நேரம் கைவிட்டுப் போகும்.

4. இரண்டு வாரம் காதைப் பழக்குங்கள்

சோலைக்குள் கண்ணுக்கு முன்னால் காதுதான் வேலை செய்யும். வீட்டிலேயே ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகாமல் வருகிறவர்கள், சுற்றிலும் நாலைந்து குரல்கள் கேட்கும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

எல்லாப் பறவைகளையும் படிக்க வேண்டாம். நான்கு குரல்கள் போதும். சோலைக்கிளியின் பாட்டு மெல்லிய, உயர்ந்த சீழ்க்கைகள் கோத்த மாதிரி வரும். இடையிடையே ஒரு கரகரப்பு சேரும். பதற்றமானால் கிலுகிலுப்பை ஆட்டியதுபோல் சடசடக்கும். இரண்டாவது, நீலகிரி சிரிப்பான். கூட்டமாகச் சேர்ந்து உரக்கச் சிரிப்பதுபோல் கத்தும். இதைத் தெரிந்துகொள்வது ஒதுக்குவதற்காக. மூன்றாவது, சீகாரப் பூங்குருவி. விடியலில் ஓடைப்பக்கம் மனிதர் ஒருவர் நிதானமாகச் சீட்டியடிப்பதுபோல் இருக்கும். புதியவர்கள் பத்தில் எட்டுப் பேர் இதைக் கேட்டுத்தான் ‘அதோ சோலைக்கிளி’ என்று எழுந்துவிடுகிறார்கள். நான்காவது, கருப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான். பூச்சி ரீங்காரம்போல மிக மெல்லிய ஒலி. அதுவும் தாழ்வான புதரில்தான் இருக்கும்.

பறவைகளை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலி, பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் தளம் இரண்டிலும் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. மெர்லினில் நீலகிரி அடங்கும் பகுதிக்கான தொகுப்பை ஊரிலேயே தரவிறக்கி வையுங்கள். சோலைக்குள் சிக்னலை நம்ப முடியாது. செயலி ஒரு பெயரைக் காட்டினால் அது ஒரு துப்பு, அவ்வளவுதான். கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

5. பையில் என்ன

இருகண்நோக்கி (பைனாகுலர்) 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. உள்ளது, எடுத்து வாருங்கள். 10x வாங்கியவர்கள் ஊட்டிப் புல்வெளியில் சந்தோஷப்படுவார்கள்; சோலைக்குள் சிரமப்படுவார்கள். காரணம் வெளிச்சம். 42ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; 10ஆல் வகுத்தால் 4.2 தான். இருட்டான புதரில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கை நடுக்கமும் 8xல் குறைவாகத் தெரியும்.

இன்னொன்றும் பாருங்கள்: எவ்வளவு பக்கத்தில் குவியும் என்பது. சோலைக்கிளி நம்மிடமிருந்து மூன்று மீட்டரில் வந்து நிற்பதுண்டு. ஐந்து மீட்டருக்குக் கீழே குவியாத கருவியென்றால் அந்த நேரத்தில் வெறுங்கண்ணே மேல். இரண்டு மீட்டரில் குவிவதாக இருந்தால் நிம்மதி.

உடை மங்கலான பழுப்பு, பச்சை, சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். நிறத்தைவிடத் துணியின் சத்தம் முக்கியம். சரசரக்கும் மழைச்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தால், கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பறவை பின்வாங்கும். கம்பளிச் சட்டை, பருத்திக் கால்சட்டை, தலைக்குக் குல்லா போதும். கீழே போட்டு உட்கார ஒரு தடித்த ரப்பர் விரிப்புத் துண்டைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். ஈரமான சருகில் வெறுமனே உட்கார்ந்தால் பத்தாவது நிமிடமே நெளிய ஆரம்பிப்பீர்கள். நெளிந்தால் பறவை வராது.

அட்டைக்கு நீளமான அட்டைக்காலுறை. உப்பு அல்லது மூக்குப்பொடி ஒரு சிறு பொட்டலம். கடித்த அட்டையைப் பிய்க்காதீர்கள், உப்பைத் தொட்டு வைத்தால் தானாக விழும்.

தண்ணீரை எவர்சில்வர் புட்டியில் கொண்டு வாருங்கள். நீலகிரி மாவட்டத்தில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் புட்டிகளுக்குத் தடை. சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிஸ்கட், முறுக்கு மாதிரி பொட்டலம் சரசரக்கும் தின்பண்டம் வேண்டாம். இரண்டு வாழைப்பழம், துணியில் சுற்றிய இட்லி, இது மாதிரி போதும். உறையோ தோலோ எதையும் சோலைக்குள் விடாதீர்கள். மேலே சொன்னபடி, அந்த ஓடைத் தண்ணீர் கீழே யாரோ ஒருவர் வீட்டுக் குடத்துக்குப் போகிறது.

6. முந்தைய மாலை: இடத்தைப் பார்த்து வைப்பது

மதியத்துக்குள் கோத்தகிரி சேர்ந்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு, வனத்துறை அலுவலகத்தில் முகம் காட்டி, மறுநாள் வழிகாட்டி யார், எங்கே சந்திப்பது என்று உறுதி செய்யுங்கள். தொலைபேசியில் பேசிய அனுமதியும் நேரில் உள்ள அனுமதியும் ஒன்றாக இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஒரு முறை இதைச் செய்யாமல் போய், காலை ஏழு மணிக்கு வாசலில் நின்றபோது எங்கள் பெயர் பட்டியலில் இல்லை. அலுவலகம் திறக்கும்வரை இரண்டரை மணி நேரம் வெளியிலேயே நின்றோம். அன்றைய சிறந்த நேரம் அதோடு முடிந்தது.

அனுமதி அன்று மாலைக்கும் இருந்தால் வழிகாட்டியோடு ஒரு சிறு நடை போய்வாருங்கள். பறவையைத் தேடாமல் இடத்தைத் தேடுங்கள். ஓடை பாதைக்குப் பக்கத்தில் எங்கே வருகிறது, பாதையோரம் மண்மேடு எங்கே இருக்கிறது, குறிஞ்சிப் புதரும் பெரணியும் அடர்ந்து நடுவில் சருகு படிந்த சிறு திட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் அதுதான் நாளைக்கு நீங்கள் உட்கார வேண்டிய இடம். அப்படி இரண்டு இடங்களைக் குறித்து வையுங்கள்.

மாலை அனுமதி இல்லையென்றால் வழிகாட்டியிடம் இதே மூன்று அடையாளங்களைச் சொல்லிக் கேளுங்கள். ‘பறவை எங்கே இருக்கும்’ என்று கேட்டால் கிடைக்கும் பதிலைவிட இதற்குக் கிடைக்கும் பதில் தெளிவாக இருக்கும்.

இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் காட்டுமாடும் கரடியும் சாதாரணமாக நடமாடுகின்றன. அந்தி மங்கிய பிறகு தோட்டத்துக் குறுக்குவழியில் நடப்பது உள்ளூர்க்காரர்களே தவிர்க்கும் காரியம்.

7. காலையில் உள்ளே போவது

ஜனவரியில் சூரியன் சுமார் 6.40க்கு எழும். விடிவதற்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும் என்று பலர் பதறுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. சோலையின் கூரை அவ்வளவு அடர்த்தி. வெளியே வெயில் அடிக்கத் தொடங்கிய பிறகும் உள்ளே வெகுநேரம் விடியற்காலை மங்கலாகவே இருக்கும். ஏழு மணிக்கு உள்ளே நுழைந்தாலும் பறவைக்கு அது விடியல்தான். இருட்டில் நடந்து கரடியோடு மோதும் அபாயத்தை ஏற்க எந்தக் காரணமும் இல்லை.

நுழைவதற்கு முன் கைபேசியை அமைதியில் போடுங்கள், அதிர்வையும் நிறுத்துங்கள். எல்லோரும் இருமல், தும்மல், பேச்சு எல்லாவற்றையும் வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். குழு நான்கு பேருக்கு மேல் போக வேண்டாம். ஆறு பேர் இருந்தால் மூன்று மூன்றாகப் பிரிந்து இரண்டு இடங்களில் உட்காருங்கள். இரு பக்கமும் வழிகாட்டி இருக்க வேண்டும்.

பத்து அடி நடந்து நின்று, கேட்டு, மறுபடி பத்து அடி. குதிகாலை முதலில் வைக்காமல் பாதத்தின் வெளி ஓரத்தை மெதுவாக அழுத்தி வையுங்கள். சருகு அவ்வளவாக நொறுங்காது. வழுக்குகிற இடத்தில் கையில் கிடைத்த செடியைப் பிடிக்காதீர்கள். செந்தட்டிபோலச் சுணை உள்ள செடிகள் பாதையோரம் உண்டு. பட்டால் சுரீரென்று எரியும், அப்புறம் உங்கள் கவனம் முழுக்கக் கையிலேயே இருக்கும்.

காட்டுமாடு எதிரே வந்தால் அன்றைய திட்டம் அங்கேயே நிற்கிறது. வந்த வழியே மெதுவாகப் பின்வாங்கி, அது போக வழி விட்டு, வழிகாட்டி சொல்லும்வரை காத்திருங்கள். சுவருக்கும் அதற்கும் நடுவில், தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

8. உட்காருவது

குறித்து வைத்த இடத்துக்கு வந்ததும் பாதையின் ஓரமாக, முதுகுக்கு ஒரு மரமோ மேடோ இருக்கும்படி உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் இடம் திறந்திருந்தால் நம் உருவம் வெளிச்சத்துக்கு எதிரே தெரியும். சருகுத் திட்டுக்கும் உங்களுக்கும் இடையே ஐந்தாறு மீட்டர் விடுங்கள். பாதையை விட்டு உள்ளே போய் உட்காராதீர்கள். பறவை மேயும் இடம் அதுதான். அதன் மேல் உட்கார்ந்துகொண்டு அதை எதிர்பார்க்க முடியாது.

இருகண்நோக்கியை மடியில் வைக்காமல் நெஞ்சுக்கு மேலேயே பிடித்திருங்கள். மடியிலிருந்து கண்ணுக்குத் தூக்கும் அசைவே பறவையை விரட்டப் போதும். குவியத்தை முன்கூட்டியே அந்தச் சருகுத் திட்டுக்குச் சரிசெய்து வைத்துவிடுங்கள். வந்த பிறகு திருகிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

முதல் இருபது நிமிடம் எதுவும் நடக்காது. நாம் வந்ததால் கலைந்தது அடங்குவதற்கு அவ்வளவு நேரம் ஆகும். பெரும்பாலான புதியவர்கள் பதினைந்தாவது நிமிடத்தில் ‘இங்க இல்ல போல, அடுத்த எடம் போலாம்’ என்று எழுந்துவிடுகிறார்கள். எழுந்தால் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. நான் குழுவினரிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரே இடத்தில் குறைந்தது ஐம்பது நிமிடம்.

அந்த நேரத்தில் கண்ணை எங்கே வைப்பது? சருகுக்கும் புதருக்கும் நடுவிலுள்ள இருண்ட இடைவெளியில். பறவையின் உருவத்தைத் தேடாமல் அசைவைத் தேடுங்கள். ஒரு சருகு புரளும். நின்றுவிடும். ஒரு அடி தள்ளி இன்னொரு சருகு புரளும். எலியாகவும் இருக்கலாம். எலி என்றால் சலசலப்பு தொடர்ந்து வரும். சோலைக்கிளி என்றால் தத்தி நின்று, பார்த்து, பூச்சியைக் கொத்தி, மறுபடி தத்தும். நடுவில் அமைதி இருக்கும். அந்த விட்டுவிட்டு வரும் அசைவைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மரங்களில் பல இனப் பறவைகள் கலந்த கூட்டம் ஒன்று கட்டாயம் கடந்து போகும். வெள்ளைக்கண்ணி, சாம்பல் தலை ஈப்பிடிப்பான், சில சமயம் சிரிப்பான்கள். அழகாகத்தான் இருக்கும். எல்லோரும் தலையைத் தூக்கிவிடுவார்கள். ஒருவராவது கீழேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள். ஒரு முறை நாங்கள் மூன்று பேரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்களோடு வந்த ஒரு கல்லூரி மாணவி மட்டும் சொன்ன வேலையைச் செய்தார். பாதையின் நடுவில் வந்து நின்ற பறவையை முழுதாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

வெயில் ஏறிய பிறகு, ஒன்பதரை மணிக்கு மேல் வாய்ப்பு குறைந்துவிடும். மாலை அனுமதி இருந்தால் நான்கு மணிக்கு மேல் மறுபடி உட்காரலாம்.

9. வந்துவிட்டது: பெயர் வைக்குமுன் பார்க்க வேண்டியவை

முதல் மூன்று வினாடியில் புகைப்படம் எடுக்காதீர்கள். பாருங்கள். தொண்டை என்ன நிறம், புருவம் எப்படி, விலா என்ன நிறம், இந்த வரிசையில். பறவை மறைந்த பிறகு உங்களிடம் இருக்கப்போவது இந்த மூன்று பதில்கள்தான்.

ஜனவரியில் ஏமாற்றுவது இந்திய நீல ராபின். இமயமலையிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது, அதே புதரடியில் அதே மாதிரி தத்துகிறது. ஆண் பறவைக்குத் தொண்டையிலிருந்தே ஆரஞ்சு தொடங்கி வயிறுவரை போகும். வெள்ளைப் புருவம் பளிச்சென்று நீளமாக இருக்கும். சோலைக்கிளிக்குத் தொண்டையும் மார்பும் கருநீலம், நிறம் விலாவில் மட்டும், புருவம் மங்கல். பழுப்பு முதுகோடு ஒன்று வந்தால் அது நீல ராபினின் பெண்.

நீலகிரி ஈப்பிடிப்பானும் நீலம்தான். ஆனால் கிளையில் நிமிர்ந்து உட்காரும், சருகில் மேயாது. சீகாரப் பூங்குருவி உருவத்தில் மிகப் பெரியது, மைனாவைவிடப் பெரிது; பார்த்தால் குழப்பம் வராது, குரலில் மட்டும்தான் குழப்பம்.

ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது, விலா தெரியவில்லை என்றால் ‘அடையாளம் உறுதியில்லை’ என்று எழுதுங்கள். அழிவின் விளிம்பிலுள்ள இனங்களில் இதுவும் ஒன்று. தவறாகச் சேர்த்த ஒரு பதிவு, இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டிவிடும்.

10. செய்யக் கூடாதவை

குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். வேலை செய்யுமா என்று கேட்டால், செய்யும். எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதாக நினைத்து விரட்ட வருகிறது. இரை தேட வேண்டிய காலை நேரத்தை இல்லாத எதிரியைத் தேடுவதில் செலவிடுகிறது. 116 ஹெக்டேர் சோலையில் வாரத்துக்குச் சில குழுக்கள் இதைச் செய்தால் அதே சில பறவைகள்தான் திரும்பத் திரும்ப அலைக்கழிக்கப்படும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒலிபெருக்கி எடுத்து வந்தவரோடு நான் உள்ளே போவதில்லை.

ஃபிளாஷ் வேண்டாம். கேமராவின் ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200, 6400 என்று ஏற்றி எடுங்கள். படம் கொஞ்சம் மணல் தூவியதுபோல் வந்தாலும் அடையாளத்துக்குப் போதும். புழுவைத் தூவி வரவழைப்பதும், மறைக்கும் கிளையை ஒடிப்பதும் வேண்டாம். கிளையை ஒடித்தால் நம் பார்வைக்குத் தெரிவது, வேட்டையாடும் பிராணிக்கும் தெரியும். தற்செயலாகக் கூடு கண்ணில் பட்டால் உடனே எழுந்து நகர்ந்துவிடுங்கள். இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

11. முதல் நாள் கிடைக்காவிட்டால்

இரண்டாவது காலையையும் லாங்வுட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பறவை வருடம் முழுவதும் சோலையை விட்டுப் போகாது. நேற்று நீங்கள் கேட்ட குரல் இன்றும் ஏறக்குறைய அங்கேயே இருக்கும், இடமும் இப்போது உங்களுக்குப் பழகியிருக்கும்.

மூன்றாவது நாள் இருந்தால் ஊட்டிக்கு நகருங்கள். கெய்ர்ன் ஹில் பகுதியிலும் தொட்டபெட்டாவின் சோலைகளிலும் வாய்ப்பு உண்டு. தொட்டபெட்டா 2,637 மீட்டர், கோத்தகிரியைவிடக் குளிர் அதிகம். சுற்றுலா வண்டிகள் வரத் தொடங்கிவிட்டால் சத்தத்தில் எதுவும் கேட்காது. இரண்டு இடங்களிலும் திறக்கும் நேரத்தை முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். அங்கே நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம்.

12. எழுதி வைப்பது

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்ததும், படங்களைப் பார்ப்பதற்கு முன்பு நோட்டில் எழுதுங்கள். நேரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன செய்துகொண்டிருந்தது, தொண்டை, புருவம், விலா. படத்தைப் பார்த்துவிட்டால் நினைவு படத்துக்குத் தகுந்தபடி மாறிவிடும்.

ஈபேர்டில் பதிவேற்றும்போது பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு சேர்த்து முழுப் பட்டியலாகப் போடுங்கள். எத்தனை நிமிடம் உட்கார்ந்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். சோலைக்கிளி வராத காலையின் பட்டியலையும் விடாமல் ஏற்றுங்கள். எத்தனை முறை தேடியதில் எத்தனை முறை கிடைத்தது என்ற கணக்கு, அந்த வெறும் காலைகளும் சேர்ந்தால்தான் வரும்.